தி கோல்ட்ஃபிஞ்ச்: தலையணை உறைக்குள்ள ஒரு ஓவியம்

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ஒரு பெரிய புத்தகம். டோனா டார்ட் எழுதின 'தி கோல்ட்ஃபிஞ்ச்'. அமெரிக்கப் பதிப்புல 771 பக்கம். ஆடியோபுக்கா கேட்டா 32 மணி நேரத்துக்கு மேல ஓடும். நான் பாதியைப் படிச்சேன், பாதியை ஆபீஸ் பஸ்ல போகும்போதும் வரும்போதும் கேட்டேன்.

முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன். இந்த எபிசோட்ல கதையை முழுசா உடைச்சுத்தான் பேசப் போறேன். நடுவுல வர்ற ஒரு திருப்பத்தைச் சொல்லாம இந்த நாவலைப் பத்தி உருப்படியா எதுவும் பேச முடியாது. தெரிஞ்சுக்க வேணாம்னு நினைக்கறவங்க இங்கேயே நிறுத்திட்டு, படிச்சு முடிச்சிட்டு வாங்க. ரெண்டு மாசம் ஆகலாம், பரவாயில்ல.

டோனா டார்ட் அமெரிக்காவோட மிசிசிப்பி மாநிலத்துல 1963ல பிறந்தவங்க. முதல் நாவல் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' 1992ல வந்தது. ரெண்டாவது 2002ல. மூணாவதா இது, 2013ல. பத்து வருஷத்துக்கு ஒரு நாவல்ங்கற கணக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் பண்ற வேலையில இருக்கற எனக்கு இந்தக் கணக்கு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. 2014ல இதுக்கு புலிட்சர் விருது கிடைச்சது.

நாவலோட பேருக்குக் காரணமான ஓவியம் உண்மையிலேயே இருக்கு. அதுல இருந்து ஆரம்பிக்கறேன். நெதர்லாந்துல ஹேக் நகரத்துல மௌரிட்ஸ்ஹவுஸ்னு ஒரு மியூசியம். அங்க இருக்கற ஓவியம். வரைஞ்சவர் காரல் ஃபாப்ரீசியஸ், ரெம்ப்ராண்ட்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். ஒரு சின்னப் பறவை, சுவத்துல மாட்டின தீனிப்பெட்டி மேல உட்கார்ந்திருக்கு. கால்ல மெல்லிசா ஒரு சங்கிலி. அவ்வளவுதான் ஓவியமே. அளவு 33.5க்கு 22.8 சென்டிமீட்டர். நம்ம ஏ4 பேப்பரை விடக் கொஞ்சம் பெருசு. ஒரு பையன் ஸ்கூல் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம். இந்த அளவை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே அதுலதான் நிக்குது.

ஓவியத்துல 1654னு வருஷம் போட்டிருக்கு. அதே வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி டெல்ஃப்ட் நகரத்துல வெடிமருந்துக் கிடங்கு ஒன்னு வெடிச்சது. ஊர்ல ஒரு பகுதியே தரைமட்டம். ஃபாப்ரீசியஸ் அதுல செத்துப்போனார். 32 வயசு. அவரோட ஓவியங்கள் பலதும் அதுலயே அழிஞ்சிருக்கணும்னு சொல்றாங்க. இன்னைக்கு அவர் வரைஞ்சதுன்னு மிச்சம் இருக்கறது ஒரு டஜன் அளவுதான்.

நாவல்ல தியோ டெக்கர்னு ஒரு பையன். 13 வயசு, நியூயார்க். அப்பா விட்டுட்டுப் போயிட்டார், அம்மாவும் அவனும் மட்டும். ஸ்கூல்ல ஏதோ தப்பு பண்ணி சஸ்பெண்ட் ஆயிட்டான். அன்னைக்குக் காலையில அம்மாவும் அவனும் ஸ்கூலுக்குப் போயிட்டிருக்காங்க. நேரம் இருக்கு, மழை வேற வந்துடுது. மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள்ள ஒதுங்கறாங்க. உள்ள டச்சு ஓவியக் கண்காட்சி. அம்மா சின்ன வயசுல ஒரு புத்தகத்துல இந்தப் பறவையோட படத்தைப் பார்த்தவங்க. அவங்களுக்கு முதன்முதலா பிடிச்ச ஓவியமே இதுதான். பையன்கிட்ட ஃபாப்ரீசியஸ் கதையையும் டெல்ஃப்ட் வெடிப்பையும் சொல்றாங்க. அப்புறம் இன்னொரு ஓவியத்தை மறுபடி ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு போறாங்க. தியோ கூடப் போகல. அங்க ஒரு சிவப்பு முடிப் பொண்ணு, ஒரு பெரியவரோட வந்திருக்கா. அவளைப் பாத்துக்கிட்டே நின்னுடறான்.

குண்டு வெடிக்குது.

வெடிப்பைப் பத்தி அம்மா சொல்லி முடிச்ச கொஞ்ச நேரத்துல வெடிப்பு. முதல் தடவை படிக்கும்போது இதை நான் கவனிக்கவே இல்ல. ரெண்டாவது தடவை அந்தப் பக்கத்தைத் திருப்பினப்போதான் டார்ட் என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சது.

இடிபாட்டுக்குள்ள தியோவுக்கு நினைவு வருது. அந்தப் பெரியவர், வெல்ட்டின்னு பேரு, சாகற நிலையில கிடக்கறார். தன்னோட மோதிரத்தைக் கொடுத்து ஒரு கடையோட பேரைச் சொல்றார். அந்தப் பறவை ஓவியத்தைக் காட்டி எடுத்துட்டுப் போன்னு சொல்றார். தியோ எடுத்துக்கறான். யாரும் கவனிக்காம வெளியில வந்து வீட்டுக்குப் போறான். ஏதாவது ஆபத்துன்னா வீட்டுல சந்திச்சுக்கணும்னு அம்மாவும் அவனும் முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க. அதனால உட்கார்ந்து காத்திருக்கான்.

இந்தக் காத்திருப்பை டார்ட் அவசரமே படாம எழுதறாங்க. டிவி ஓடுது. போன் பண்ணிப் பாக்கறான். லிஃப்ட் சத்தம் கேக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கறான். நமக்குத் தெரியும் அம்மா வரமாட்டாங்கன்னு, ஆனா பக்கம் பக்கமா நாமளும் அவனோட உட்கார்ந்திருக்கோம். 'நாவல் ஏன் இவ்ளோ நீளம்?'னு என்கிட்ட கேட்டவங்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒரு வரியில 'அம்மா இறந்துட்டாங்க'ன்னு எழுதிடலாம். அந்த ராத்திரியை ஒரு வரியில எழுத முடியாது.

அதுக்கப்புறம் ஆளாளுக்குக் கனிவா பேசறாங்க. சமூகநலத் துறைக்காரங்க, டாக்டர், ஸ்கூல். எங்க அப்பா தவறினப்போ நான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். எங்க வீட்டுக்கு வந்தவங்க சொன்னது வேற மாதிரி: 'நீ அழக்கூடாது, அம்மாவை நீதான் பாத்துக்கணும்.' இங்க கனிவு, அங்க பொறுப்பு. ரெண்டுமே அந்த வயசுல காதுல ஏறாதுங்கறது மட்டும் ஒன்னு.

தியோ முதல்ல ஒரு பணக்கார நண்பன் வீட்டுல இருக்கான், பார்பர் குடும்பம். அப்புறம் மோதிரத்தை எடுத்துக்கிட்டு வெல்ட்டி சொன்ன கடையைத் தேடிப் போறான். அங்க வெல்ட்டியோட கூட்டாளி ஹோபி இருக்கார். பழைய மரச்சாமான்களைப் பழுது பாக்கறவர். அந்தச் சிவப்பு முடிப் பொண்ணு பிப்பாவும் அங்கதான், பலத்த காயத்தோட பிழைச்சிருக்கா. எல்லாம் சரியாகும்போல இருக்கும்போது ஓடிப்போன அப்பா திரும்பி வந்து அவனை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிட்டுப் போயிடறார்.

இந்த லாஸ் வேகாஸ் பகுதிதான் என்னைப் பொறுத்தவரை புத்தகத்துலயே உச்சம். நகரத்தோட பளபளப்பு ஒன்னும் இல்ல. பாலைவனத்தோட ஓரம், கட்டிட்டு யாரும் குடிவராத வீடுகள், வரிசையா, மண் வந்து மூடிக்கிட்டிருக்கு. அங்க போரிஸ்னு ஒரு பையன் அறிமுகமாகறான். உக்ரைன், போலந்து, ஆஸ்திரேலியான்னு அப்பா போற இடமெல்லாம் சுத்தி வளர்ந்தவன். அவனுக்கும் அம்மா இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து குடிக்கறாங்க, கடையில திருடறாங்க, கையில கிடைச்ச போதைப்பொருள் எல்லாத்தையும் எடுத்துக்கறாங்க. கேட்க ஆள் இல்ல. படிக்கப் பயமா இருக்கும், அதே சமயம் பயங்கர சிரிப்பும் வரும். போரிஸ் வாயைத் திறந்தாலே பக்கம் சூடு பிடிச்சிடும். புத்தகத்தை மூடி ரொம்ப நாள் ஆனபிறகும் தியோவை விட போரிஸோட குரல்தான் எனக்குக் கேட்டுக்கிட்டு இருந்தது.

ஓவியம் எங்க? ஒரு தலையணை உறையில சுத்தி, கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கான். ஆரம்பத்துல அப்பப்போ எடுத்துப் பாக்கறான். போகப்போகப் பாக்கறதே இல்ல. அப்பா ஒரு கார் விபத்துல செத்துப்போறார். தியோ ஒரு குட்டி நாயைத் தூக்கிக்கிட்டு, அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி நியூயார்க்ல ஹோபிகிட்ட வந்து சேர்றான். அப்புறம் வருஷக்கணக்கா அது ஒரு வாடகை லாக்கர்ல கிடக்குது. அதைத் திருப்பிக் கொடுக்கணும்னு நினைக்கறான், பயம். போலீஸ் வரும்னு பயம். நெருப்பு, ஈரம், எல்லாத்துக்கும் பயம். அந்தப் பயத்தைச் சுத்தியேதான் ஆள் வளர்றான்.

எட்டு வருஷம் கழிச்சு போரிஸ் வந்து ஒரு விஷயத்தைச் சொல்றான். லாஸ் வேகாஸ்லயே அவன் அந்த ஓவியத்தைத் திருடிட்டான். தலையணை உறைக்குள்ள அதே அளவுல ஒரு ஸ்கூல் பாடப்புத்தகத்தை வெச்சுட்டான். தியோ இத்தனை வருஷமா காப்பாத்தினது, தூக்கம் இல்லாம தவிச்சது எல்லாம் ஒரு குடிமையியல் பாடப் புத்தகத்துக்காக.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பேர் இருக்கு: டேங்லிங் பாயின்டர். மெமரியில ஒரு இடத்தைக் காட்டிக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல இருந்தது எப்பவோ போயிருக்கும். புரோகிராம் அதைத் தொடாத வரைக்கும் எல்லாம் ஒழுங்கா ஓடற மாதிரியே இருக்கும்.

இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். ரெண்டு நாள் எடுக்கல. எங்க அப்பாவோட போன் நம்பரை நான் இன்னும் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கேன். பண்ணாம விட்டா கொஞ்ச நாள்ல அது வேற யாருக்காவது போயிடும். அந்த சிம் எந்த போன்லயும் இல்ல, ஒரு டப்பாவுல இருக்கு. யாரும் அதுல இருந்து கூப்பிடப் போறதில்ல, நானும் அதுக்குக் கூப்பிடறதில்ல. ரிமைண்டர் வந்ததும் பணம் கட்டிட்டு மூடிடுவேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. ம், இந்த எபிசோட் வந்தா தெரிஞ்சுடும். இது சரியா தப்பான்னு நான் இங்க கேக்கல. தியோவோட பொட்டலத்தை 'முட்டாள்தனம்'னு என்னால தள்ள முடியாததுக்குக் காரணம் சொல்றேன், அவ்வளவுதான்.

இந்த நாவலைப் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் ஓவியத்தைப் பத்தியே பேசறாங்க. எனக்கு இதுல இருக்கற இன்னொரு கதைதான் முக்கியமா படுது. மரச்சாமான் கதை.

ஹோபியோட பட்டறை அடித்தளத்துல இருக்கு. மரத்தூள், பிசின், மெழுகு வாசனை. தியோ அங்க தொழில் கத்துக்கறான். பழைய சாமானுக்கும் பழசு மாதிரி பண்ணின சாமானுக்கும் என்ன வித்தியாசம்னு கத்துக்கறான். உண்மையான தேய்மானம் சீரா இருக்காது. கை பட்ட இடம் ஒரு மாதிரி, வெயில் பட்ட பக்கம் ஒரு மாதிரி. மரம் ரேகைக்குக் குறுக்கால சுருங்கும், அதனால பழைய வட்ட மேசையை அளந்து பாத்தா சரியான வட்டமா இருக்காது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழகா தேஞ்சிருந்தா சந்தேகப்படணும்.

ஹோபிக்கு ஒரு பழக்கம். ஒரு நாற்காலியோட காலு, இன்னொன்னோட முதுகு, வேறொன்னோட கைப்பிடின்னு உடைஞ்சு போன பழசுகளைச் சேர்த்து முழுசா ஒரு சாமான் பண்ணுவார். விற்க இல்ல, தன்னோட ஆசைக்கு. அவ்வளவு பிரமாதமா இருக்கும், நிபுணர்களாலகூடக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்கு வரிக்கடன், பாக்கி எல்லாம் சேர்ந்துபோச்சு. வளர்ந்து கடையைக் கவனிச்சுக்கற தியோ, ஹோபிக்குத் தெரியாம அதையெல்லாம் அசல் பழம்பொருள்னு சொல்லி பெரிய விலைக்கு விக்கறான். கடன் அடையுது. ஹோபி கீழ நிம்மதியா இழைச்சுக்கிட்டு இருக்கார்.

அந்த நாற்காலி ஒன்னுதான். பட்டறையில இருக்கும்போது அது ஒரு மனுஷனோட கைத்திறமை. கடைக்கு ஏறினதும் அது மோசடி. மரத்துல எதுவும் மாறல. அதைப் பத்தி தியோ சொன்ன வார்த்தைதான் மாறிச்சு. அவன் தன்னைப் பத்திச் சொல்றதும் அப்படித்தான். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, பெரிய வீட்டுப் பொண்ணோட நிச்சயதார்த்தம். வெளியில இருந்து பாத்தா இழப்பைத் தாண்டி வந்துட்ட இளைஞன். உள்ள மாத்திரை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கான், ஹோபி சொல்லிக் கொடுத்த சோதனையில அவனே தேறமாட்டான்.

ஹோபியும் இழந்தவர்தான், அதை நாம மறந்துடறோம். தியோவோட அம்மாவைக் கொண்டுபோன அதே குண்டுதான் அவரோட வெல்ட்டியையும் கொண்டுபோச்சு. அவர் தினமும் கீழ இறங்கி, உடைஞ்ச ஒன்னை எடுத்து வெச்சு ஒட்டறார். பல வருஷம் கழிச்சு திருமதி பார்பரும் கணவரையும் ஒரு மகனையும் கடல்ல பறிகொடுத்துட்டு ரூமை விட்டே வராம இருக்காங்க. மூணு பேரோட துக்கத்தையும் டார்ட் பக்கத்துல பக்கத்துல வெக்கறாங்க, ஆனா எதையும் ஒப்பிட்டுச் சொல்றதில்ல. அந்த அடக்கம் எனக்குப் பிடிச்சது.

அதே அடக்கம் கடைசிவரைக்கும் இருந்திருக்கலாம். ஓவியத்தை மீட்க தியோவும் போரிஸும் ஆம்ஸ்டர்டாம் போறாங்க. துப்பாக்கி, கார், கடத்தல்காரங்க. நல்ல வேகம்தான், ஆனா வேற ஒரு புத்தகத்துல இருந்து கிழிச்சு ஒட்டின மாதிரி இருக்கு. ஒட்டின இடம் தெரியுது, ஹோபி பாத்தா சிரிப்பார். கடைசிப் பக்கங்கள்ல தியோ கலை, அழகு, விதின்னு நீளமா பேசறான். அதுல பாதி நமக்கு ஏற்கெனவே கதை சொல்லிடுச்சு. எடிட்டர் ஒரு பத்துப் பக்கமாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

விமர்சகர்களும் இதுல ரெண்டா பிரிஞ்சாங்க. ஜேம்ஸ் வுட் மாதிரி பெரிய விமர்சகர் இதைக் குழந்தைகள் இலக்கியத்தோட உலகத்துல வெச்சுப் பேசினார். தற்செயல்கள் அதிகம், அனாதைப் பையன், நல்ல மனசுக்காரக் கிழவர், டிக்கன்ஸ் வாடைன்னு புகார். டிக்கன்ஸ் வாடை உண்மைதான். பிப்பாங்கற பேரே டிக்கன்ஸோட பிப்பை ஞாபகப்படுத்துது. ஆனா ஒரு பதிமூணு வயசுப் பையனோட உலகத்துல எல்லாமே தற்செயலாத்தான் நடக்கும். மழை வந்தது தற்செயல். அம்மா இன்னொரு தடவை பாக்கப் போனது தற்செயல். அவன் வாழ்நாள் பூரா அதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கான்: நான் சஸ்பெண்ட் ஆகாம இருந்திருந்தா, நான் கூடப் போயிருந்தா. இதை வெறும் கதைச் சூழ்ச்சின்னு தள்ளிட்டா இந்த நாவல் கையில ஒட்டாது.

2019ல படமா வந்தது. ஜான் கிரௌலி இயக்கம், ராஜர் டீகின்ஸ் ஒளிப்பதிவு. பார்க்க அவ்வளவு அழகு. ஓடல. காலத்தை முன்னும் பின்னுமா வெட்டிப் போட்டதுல அந்தக் காத்திருப்பு காணாமப் போச்சு. அதுக்கு மேல படத்தைப் பத்திச் சொல்ல எனக்கு ஒன்னும் இல்ல.

எனக்கு நாவல் முடியற இடம் அந்தக் கடைசிப் பேச்சு இல்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வருது. ஓவியம் மியூசியத்துக்குத் திரும்பிப் போயிடுது. போரிஸ் வழியா வெகுமதிப் பணத்துல ஒரு பங்கு தியோவுக்குக் கிடைக்குது. அந்தப் பணத்தை எடுத்துக்கிட்டு அவன் ஊர் ஊரா போறான். தான் யார் யாருக்குப் போலிச் சாமானை வித்தானோ அவங்க வீட்டுக்குப் போய் ஒவ்வொன்னா திருப்பி வாங்கறான். ஏர்போர்ட், ஹோட்டல், மறுபடி ஏர்போர்ட். நாடகமே இல்லாத வேலை. 'வளர்றது'ன்னு இந்தப் புத்தகம் எதையாவது காட்டுதுன்னா அது இந்தச் சில பக்கங்கள்தான்னு நான் நினைக்கறேன். அம்மா திரும்பி வரல. பிப்பா அவனுக்குக் கிடைக்கல. அவன் பெருசா குணமாகவும் இல்ல. ஆனா தான் சொன்ன பொய்யோட விலாசம் அவனுக்குத் தெரியும், அங்க போறான்.

இன்னொரு தகவல். நாவல் 2013 அக்டோபர் 22ஆம் தேதி வெளியாச்சு. அதே நாள் நியூயார்க்ல ஃப்ரிக் கலெக்‌ஷன்ல மௌரிட்ஸ்ஹவுஸ் ஓவியங்களோட கண்காட்சி தொடங்கிச்சு. அந்தப் பறவையும் வந்திருந்தது. கதையில குண்டு வெடிச்ச அதே ஃபிஃப்த் அவென்யூல, சில தெரு தள்ளி. புத்தகத்தைப் படிச்சவங்க அதை நேர்ல பாக்க வந்தாங்க.

முதல் நூறு பக்கத்துல மாட்டிக்கிட்டவங்களுக்கு: பார்பர் வீட்டுப் பகுதி கொஞ்சம் மெதுவாத்தான் போகும், பொறுத்துக்கோங்க, வேகாஸ் வந்ததும் பிடிச்சுக்கும். கேக்கறவங்களா இருந்தா டேவிட் பிட்டு வாசிச்ச ஆடியோபுக்கை எடுங்க. போரிஸோட உச்சரிப்பை அவர் பண்றது தனி சுகம். 1.5 வேகத்துல மட்டும் வெக்காதீங்க. அடுத்த எபிசோட் வழக்கம்போல ரெண்டு வாரம் கழிச்சு, அதுக்கு எடுத்திருக்கறது 120 பக்கப் புத்தகம்.